நான் டீபாட், என்னிடம் காபி கேட்காதே

பிளஸ் டூ ரிசல்ட் வந்த அன்று காலை அக்கா வீட்டில் யாருக்கும் சோறு தண்ணி ஓடவில்லை. அக்கா மகள் போனைக் கையில் பிடித்துக்கொண்டு பதிவெண்ணைத் திரும்பத் திரும்பத் தட்டிக்கொண்டிருந்தாள். ரிசல்ட் பார்க்கும் தளம் சுற்று சுற்றென்று சுற்றிவிட்டு, கடைசியில் வெள்ளைத் திரையில் ஓர் எண்ணைக் காட்டி நின்றது.

"என்னடி வந்திருக்கு?" என்று அம்மா கேட்டார்.

"503 பாட்டி."

"ஐந்நூத்து மூணா? அறுநூறுக்கு ஐந்நூத்து மூணு நல்ல மார்க்குதானே! அதுக்கு ஏன் மூஞ்சியைத் தூக்கி வெச்சிருக்கே?"

சொல்லிக்கொண்டே அம்மா சர்க்கரை டப்பாவை எடுக்க எழுந்துவிட்டார். அது மார்க் இல்லை, சர்வர் மூச்சு வாங்குவதன் அடையாளம் என்று விளக்குவதற்குள் எனக்கும் மூச்சு வாங்கிவிட்டது. அன்று பாதியில் விட்ட விளக்கத்தை இங்கே முழுதாகச் சொல்லிவிடுகிறேன். இந்த எண்களுக்கு நடுவே ஒரு டீபாட் வேறு உட்கார்ந்திருக்கிறது. உண்மையில் அதைப் பற்றிச் சொல்லத்தான் எனக்கு ஆசை. ஆனால் அதற்கு முன் கொஞ்சம் அடிப்படை வேண்டும்.

சர்வர் என்ற சொல் நமக்குப் புதிதில்லை. ஹோட்டலில் தோளில் துண்டோடு வந்து "என்ன சாப்பிடறீங்க?" என்று கேட்பவரை நாம் அப்படித்தான் கூப்பிடுகிறோம். இணையத்தில் இருக்கும் சர்வருக்கும் அதே வேலைதான். நீங்கள் ஒரு முகவரியைத் தட்டியதும் உங்கள் பிரவுசர் அந்தச் சர்வரிடம் போய் "இந்தப் பக்கத்தைக் கொடு" என்று ஆர்டர் சொல்கிறது. சர்வர் பதில் தருகிறது. இந்தக் கேள்வி பதிலுக்கான பேச்சுமுறைக்குத்தான் எச்டிடிபி என்று பெயர். முகவரியின் தொடக்கத்தில் ஒட்டிக்கொண்டிருக்குமே, அதே எழுத்துகள்.

ஒவ்வொரு பதிலின் முதல் வரியிலும் மூன்று இலக்க எண் ஒன்று இருக்கும். பக்கம் ஒழுங்காக வந்தால் அந்த எண் 200. "இந்தாங்க சார், நீங்க கேட்டது" என்று பொருள். நீங்கள் இன்று காலையிலிருந்து நூற்றுக்கணக்கான 200களை வாங்கியிருப்பீர்கள். ஒன்றையும் பார்த்திருக்க மாட்டீர்கள். இட்லி கேட்டு இட்லி வந்துவிட்டால் சர்வரின் முகத்தை யார் பார்க்கிறோம்? கேட்டது வராதபோதுதான் நிமிர்ந்து பார்க்கிறோம், எண்ணும் அப்போதுதான் கண்ணில் படுகிறது.

இந்த மூன்று இலக்கத்தில் முதல் இலக்கம் ஒன்றைத் தெரிந்துகொண்டாலே பாதி வேலை முடிந்தது. 1இல் தொடங்குவது "இருங்க, கேட்டுக்கிட்டிருக்கேன்" என்ற வகை. நம் கண்ணில் படவே படாது, விட்டுவிடலாம். 2 என்றால் சரி. 3 என்றால் "அது இங்கே இல்லை, அங்கே போங்க". கடை நிரந்தரமாக எதிர்த்தெருவுக்கு மாறிவிட்டது என்று பலகை மாட்டியிருந்தால் 301, வெள்ளையடிப்பதால் இரண்டு நாளைக்கு மட்டும் பக்கத்துக் கடையில் என்றால் 302. பிரவுசரே நம்மைக் கேட்காமல் புது இடத்துக்கு ஓடிவிடும். இந்த வரிசையில் எனக்குப் பிடித்தது 304. பிரவுசர் ஏற்கெனவே எடுத்து வைத்திருக்கும் படத்தைப் பற்றி "இது மாறியிருக்கிறதா?" என்று கேட்க, "உங்க டேபிள்ல இருக்கிற சட்னி இப்ப வெச்சதுதான் சார், அதையே தொட்டுக்கோங்க" என்று சர்வர் சொல்கிறது. உங்கள் டேட்டா மிச்சமாவதில் இந்த 304க்குப் பங்கு உண்டு.

மீதம் இருப்பவை 4, 5. வம்பு முழுவதும் இங்கேதான்.

4இல் தொடங்கினால் "தப்பு உங்க பக்கம்" என்று சர்வர் சொல்கிறது. 5இல் தொடங்கினால் "தப்பு என் பக்கம்" என்று ஒப்புக்கொள்கிறது. எந்தக் கவுன்ட்டரில் போய் நின்றாலும் குற்றத்தை நம் தலையில் கட்டி அனுப்பும் உலகத்தில், தன் பிழையைத் தானே எண் போட்டுச் சொல்லும் ஒரு ஏற்பாடு இருப்பது எனக்கு இன்றைக்கும் ஆச்சரியம்தான்.

500 என்றால் உள்ளே ஏதோ உடைந்திருக்கிறது, என்னவென்று சொல்லத் தெரியவில்லை. சமையலறையில் பாத்திரம் விழுந்த சத்தம் மட்டும் கேட்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 502, 504 இரண்டும் அண்ணன் தம்பிகள். பெரிய தளங்களில் நம்மிடம் பேசும் சர்வர் ஒன்று, உள்ளே சமைக்கும் சர்வர் இன்னொன்று. முன்னால் நிற்பவர் உள்ளே குரல் கொடுக்கிறார். உள்ளேயிருந்து உளறலாகப் பதில் வந்தால் 502, பதிலே வராமல் காத்துக் காத்து அலுத்துவிட்டால் 504.

503தான் அக்கா மகளுக்கு வந்தது. "இப்ப முடியாது, கூட்டம் தாங்கல, கொஞ்ச நேரம் கழிச்சு வாங்க." சர்வர் விரும்பினால் எத்தனை விநாடி கழித்து வரலாம் என்றும் அந்தப் பதிலிலேயே எழுதி அனுப்பலாம், அதற்குத் தனியாக ஒரு வரி உண்டு. ஆனால் பெரும்பாலும் அது நம் கண்ணுக்கு வருவதில்லை. அதனால் நாம் என்ன செய்கிறோம்? இரண்டு விநாடிக்கு ஒரு தடவை ரெஃப்ரெஷ் செய்கிறோம். ஊரில் இருக்கிற எல்லா மாமாக்களும் சித்தப்பாக்களும் அதே பதிவெண்ணை அவரவர் போனில் தட்டுகிறார்கள். கூட்டத்தால் திணறும் ஹோட்டலில் ஆளாளுக்கு எழுந்து நின்று கைதட்டிக் கூப்பிடுவதற்குச் சமம் இது. பொறுமை போன சர்வர் "ஒரு நிமிஷத்துல எத்தனை தடவைதான் கூப்பிடுவீங்க?" என்று உங்களை மட்டும் தனியாகக் கண்டிக்கவும் வழி இருக்கிறது, அதற்கு எண் 429. தப்பு அப்போது உங்கள் பக்கம் வந்துவிடுகிறது பாருங்கள், அதனால்தான் அது 4இல் தொடங்குகிறது. அன்று நான் போனைப் பிடுங்கி வைத்தேன். அரை மணி நேரம் கழித்து ஒரே தட்டில் 200 வந்தது. மார்க் எவ்வளவு என்று எழுதக்கூடாதென்று அவள் சொல்லியிருக்கிறாள்.

4 வரிசையில் ஊரறிந்த பிள்ளை 404. கேட்ட பக்கம் இங்கே இல்லை. பலர் 404 வந்தால் "நெட் போச்சு" என்கிறார்கள். நேர் எதிர்தான் உண்மை. 404 வந்தால் உங்கள் நெட் நன்றாகவே இருக்கிறது என்று அர்த்தம். ஹோட்டல் வரைக்கும் போய், உட்கார்ந்து, ஆர்டர் கொடுத்து, "அப்படி ஒரு ஐட்டமே எங்ககிட்ட இல்லையே சார்" என்ற பதிலையும் வாங்கிக்கொண்டு திரும்பியிருக்கிறீர்கள். முகவரியில் ஓர் எழுத்து பிசகியிருக்கலாம், அல்லது அந்தப் பக்கத்தை அவர்கள் தூக்கியிருக்கலாம். ரெஃப்ரெஷ் செய்து பயனில்லை. முகவரியைத்தான் சரிபார்க்க வேண்டும்.

நிஜமாகவே நெட் போனால் குரோமில் என்ன வரும் என்று உங்களுக்குத் தெரியும். கறுப்பு வெள்ளை டைனோசர் வந்து நிற்கும். அது எந்தச் சர்வரும் அனுப்பிய பதில் இல்லை. ஆர்டர் உங்கள் வீட்டு வாசலையே தாண்டவில்லை என்பதால் பிரவுசர் தானாகவே காட்டும் படம். 2014இல் அதை ஒரு விளையாட்டாகவும் ஆக்கினார்கள். நெட் இல்லாத காலம் டைனோசர் காலம் என்பது அவர்களுடைய கிண்டல். கணினியில் ஸ்பேஸ் பாரை அழுத்தினால், போனில் திரையைத் தட்டினால் ஓடத் தொடங்கிவிடும். ஆட்டம் முடிய 1.7 கோடி ஆண்டுகள் ஆகும்படி அமைத்திருப்பதாக அதைச் செய்தவர்களே சொல்லியிருக்கிறார்கள். அதற்குள் நெட் வந்துவிடும் என்று நம்புவோம்.

404க்கு ஒரு பிறப்புக் கதை உலவுகிறது. வெப் எனப்படும் வலை பிறந்த இடமான சுவிட்சர்லாந்தின் செர்ன் ஆய்வுக்கூடத்தில் 404ஆம் எண் அறையில்தான் முதல் சர்வர் இருந்தது, கேட்ட கோப்பு கிடைக்காதபோதெல்லாம் அந்த அறையில் இருந்தவர்கள் "404இல் இல்லை" என்று எழுதி அனுப்பினார்கள் என்று போகும் அந்தக் கதை. கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் கட்டுக்கதை. டிம் பெர்னர்ஸ்-லீயுடன் சேர்ந்து வலையைக் கட்டியெழுப்பிய ராபர்ட் காய்யோவே இதை மறுத்துவிட்டார். 4 என்றால் கேட்டவர் பிழை, அந்த வரிசையில் ஐந்தாவது எண் இது, அவ்வளவுதான். எண்களை இப்படி இலக்கவாரியாக அடுக்கும் பழக்கமும் வலையோடு பிறந்ததில்லை. கோப்புகளையும் மின்னஞ்சலையும் அனுப்பிய பழைய முறைகளில் அது ஏற்கெனவே இருந்தது.

404இன் அக்கம்பக்கத்து எண்களையும் எட்டிப் பார்த்துவிடலாம். 401 என்றால் "டோக்கன் எங்கே?" 403 என்றால் "நீங்க யாருன்னு எனக்குத் தெரிஞ்சாலும் சரி, உள்ளே விட மாட்டேன்". 410 என்பது 404இன் தெளிவான வடிவம்: "இருந்தது, எடுத்துட்டோம், இனி வராது." 402 என்றால் "முதல்ல காசைக் கட்டுங்க". வலையின் ஆரம்ப நாள்களிலேயே இதற்கு இடம் ஒதுக்கியாயிற்று, ஆனால் இன்னமும் "வருங்காலத் தேவைக்கு" என்றுதான் விதிநூலில் எழுதி வைத்திருக்கிறார்கள். 451 என்றால் சட்டப்படி தடுக்கப்பட்ட பக்கம். புத்தகங்களை எரிக்கும் சமூகத்தைப் பற்றி ரே பிராட்பரி 1953இல் எழுதிய 'ஃபாரன்ஹீட் 451' நாவலின் நினைவாக வைத்த எண் அது, 2016இல் முறைப்படி விதியானது. சில தளங்கள் இன்னொரு வேலை செய்யும். பக்கம் இல்லை என்று அழகாகப் படம் போட்டு எழுதியிருக்கும், ஆனால் எண்ணாக அனுப்புவது 200. தேடுபொறிகள் இதை மென்மையான 404 என்கின்றன. நான் இதை மரியாதைக்குச் சொல்லும் பொய் என்பேன்.

சரி, டீபாட்டுக்கு வருவோம்.

இணையத்தின் விதிகள் எல்லாம் ஆர்எஃப்சி என்ற வரிசையில் எண் போட்டு வெளியாகும். 1969இல் தொடங்கிய வரிசை அது. சுவாரஸ்யம் என்று எதையும் எதிர்பார்க்க முடியாத, வறண்ட, கறாரான மொழியில் இருக்கும். ஆனால் ஏப்ரல் 1ஆம் தேதி மட்டும் அதே வறண்ட மொழியில் அங்கே கேலி வரும். 1990இல் புறாக்களின் காலில் கட்டி இணையத் தரவை அனுப்புவது எப்படி என்று ஒரு விதி வந்தது. 2001இல் நார்வேயின் பெர்கன் நகரத்து ஆட்கள் சிலர் அதை உண்மையிலேயே செய்து பார்த்தார்கள். 9 கேள்விகளைப் புறாவில் அனுப்ப, 4க்குத்தான் பதில் திரும்பி வந்தது. அதுவும் ஒவ்வொன்றும் ஏறக்குறைய ஒரு மணி நேரமோ அதற்கு மேலோ எடுத்துக்கொண்டு.

1998 ஏப்ரல் 1 அன்று வந்தது ஆர்எஃப்சி 2324. எழுதியவர் லேரி மாஸின்டர். வலையின் வழியாகக் காபிப் பாத்திரங்களைக் கட்டுப்படுத்துவதற்கான விதி. பக்கம் கேட்க ஒரு கட்டளை இருப்பதுபோல் இதில் "காபி போடு" என்றே ஒரு கட்டளை. பால் வகை, சிரப் வகை, ஏன், அதில் ஊற்றும் ரம், விஸ்கி வகை வரைக்கும் வரையறுத்திருக்கிறார். கஃபீன் நீக்கிய காபிக்கு மட்டும் வழி வைக்கவில்லை. அதைக் குடித்து என்ன பயன் என்று விதிக்குள்ளேயே கேட்டிருக்கிறார். சிக்கரியைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை என்பது கும்பகோணம் பக்கத்து ஆட்களுக்கு மனக்குறையாக இருக்கலாம்.

எனக்குப் பிடித்தது பால் நிறுத்தும் கட்டளை. பாத்திரம் பாலை ஊற்றிக்கொண்டே இருக்கும், நீங்கள் அந்தக் கட்டளையை அனுப்பும் வரை. பரிமாறுகிறவர் ஊற்றும்போது எப்போது நிறுத்த வேண்டுமென்று சொல்வது ஆங்கிலேயர் வழக்கம், அதை அப்படியே கட்டளையாக்கிவிட்டார். நாமும் பந்தியில் இலைமேல் இரண்டு கையையும் விரித்துக் குனிந்து "போதும், போதும்!" என்போமே, அதேதான். இத்தகைய விதிகளில் பாதுகாப்பைப் பற்றி ஒரு பகுதி கட்டாயம் இருக்க வேண்டும். அங்கேயும் விடவில்லை. எனக்கும் என் காலைக் காபிக்கும் நடுவில் வருகிறவருக்குத்தான் பாதுகாப்பு இருக்கக் கூடாது என்கிறார்.

இந்த விதியில்தான் 418 பிறந்தது. டீபாட்டிடம் போய்க் காபி போடச் சொன்னால் அது 418 என்று பதில் தர வேண்டும். பொருள்: "நான் ஒரு டீபாட்." பதிலின் உடல் குட்டையாகவும் குண்டாகவும் இருக்கலாம் என்று கூடவே ஒரு குறிப்பு. ஆங்கிலக் குழந்தைகள் கையை மடித்து, சாய்ந்து ஆடிப் பாடும் டீபாட் பாட்டிலிருந்து எடுத்தது அது. டீக்கடையில் டீயும் காபியும் பக்கத்துப் பக்கத்தில் கொதிக்கும் நம் ஊரில் இந்த நகைச்சுவை கொஞ்சம் நழுவத்தான் செய்யும். ஆனால் எண்ணைப் பாருங்கள், பிசகே இல்லை. டீபாட் உடைந்துபோகவில்லை, அதனால் 5 இல்லை. தப்பு, டீபாட்டிடம் காபி கேட்டவர் பக்கம். எனவே 4. 4 வரிசை என்றால் என்னவென்று யாருக்காவது விளக்க வேண்டுமென்றால் நான் 404ஐ விட்டுவிட்டு இதைத்தான் சொல்வேன்.

வெறும் சிரிப்புக்காக மட்டும் மாஸின்டர் இதை எழுதவில்லை. பக்கங்களைக் கேட்டு வாங்கப் பிறந்த எச்டிடிபியை அந்தக் காலத்தில் கண்ட கண்ட வேலைக்கெல்லாம் ஆளாளுக்கு நீட்டிக்கொண்டிருந்தார்கள். இப்படியே போனால் எங்கே போய் நிற்கும் என்று காட்டுவதுதான் அவர் நோக்கம். அவர் கிண்டலாகக் காட்டிய இடத்துக்கே இன்று வந்துவிட்டோம். போனில் தட்டினால் காபி போடும் இயந்திரம் கடையில் கிடைக்கிறது.

இணையமும் காபியும் அதற்கு முன்பே சொந்தக்காரர்கள். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகக் கணினி ஆய்வகத்தில் ட்ரோஜன் அறை என்ற அறைக்கு வெளியே ஒரு காபி இயந்திரம் இருந்தது. மற்ற மாடிகளில் இருந்தவர்கள் படி ஏறி இறங்கி வந்து பார்த்தால் காலிப் பாத்திரம் பல்லிளிக்கும். 1991இல் க்வென்டின் ஸ்டாஃபோர்ட்-ஃப்ரேஸரும் பால் ஜார்டெட்ஸ்கியும் அதன் எதிரே ஒரு கேமராவைப் பொருத்தி, படம் எல்லாருடைய திரையிலும் தெரியும்படி செய்தார்கள். 128க்கு 128 புள்ளிகள், கறுப்பு வெள்ளை, நிமிடத்துக்கு மூன்று படம். பாத்திரம் அதைவிட மெதுவாகத்தான் நிறையும், போதாதா? 1993இல் அதை வலையோடும் இணைத்தார்கள். உலகின் முதல் வெப்கேம் என்று இன்று சொல்வது இதைத்தான். அதன் பிறகு எங்கெங்கோ இருந்தவர்கள், அந்தக் காபியில் ஒரு சொட்டும் கிடைக்காதவர்கள், பாத்திரம் நிறைகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். 2001 ஆகஸ்ட் 22 அன்று கேமராவை அணைத்தார்கள். அந்த இயந்திரத்தை ஈபே ஏலத்தளத்தில் 3,350 பவுண்டுக்கு ஜெர்மனியின் ஷ்பீகல் ஆன்லைன் என்ற செய்தித்தளம் வாங்கியது.

418க்குத் திரும்பினால், அதற்கு ஒரு கண்டமும் வந்தது. கேலிக்கு வந்த எண் என்றாலும் நிரலாளர்கள் சும்மா இருப்பார்களா? நோட் ஜேஎஸ், கோ போன்ற பெரிய நிரல் கருவிகளிலும் அதைச் சேர்த்து வைத்திருந்தார்கள். 2017இல் எச்டிடிபி விதிகளைப் பராமரிக்கும் குழுவின் தலைவர் மார்க் நாட்டிங்ஹாம் அதை எடுத்துவிடும்படி கேட்டார். அவர் பக்கமும் நியாயம் இருந்தது. 4 வரிசையில் இருப்பதே நூறு எண்கள், ஒன்றை விளையாட்டுக்குக் கொடுத்தால் நாளை நிஜத் தேவைக்கு எங்கே போவது? உடனே 15 வயதுப் பையன் ஒருவன் 418ஐக் காப்பாற்றுங்கள் என்று ஒரு தளத்தையே தொடங்கினான். கணினிகளுக்கு உள்ளே இருப்பதும் மனிதர்கள் செய்ததுதான் என்பதை இந்த எண் நினைவூட்டுகிறது என்பது அவனுடைய வாதம். ஆதரவு குவிந்தது, கோரிக்கை கைவிடப்பட்டது.

2022இல் வெளியான புதிய எச்டிடிபி விதிநூலில் 418க்கு நேரே "பயன்பாட்டில் இல்லை" என்று போட்டு, வேறு யாருக்கும் கொடுக்காமல் ஒதுக்கி வைத்துவிட்டார்கள். பஸ் சீட்டில் துண்டு போட்டு வைத்தால் ஆள் இல்லாவிட்டாலும் யாரும் உட்கார மாட்டார்களே, அப்படி. தொல்லை கொடுக்கும் தானியங்கி நிரல்களுக்குச் சில தளங்கள் இன்றும் இந்த எண்ணைப் பதிலாகக் கொடுத்து அனுப்புகின்றன.

பார்க்க ஆசையாக இருந்தால், கணினியில் ஏதாவது ஒரு பக்கத்தைத் திறந்து எஃப்12 பொத்தானை அழுத்துங்கள். நெட்வொர்க் என்ற பகுதியைத் திறந்து வைத்துப் பக்கத்தை மறுபடி ஏற்றுங்கள். ஒரே பக்கத்துக்கு எத்தனை ஆர்டர் போகிறது, எத்தனை 200, நடுவில் எத்தனை 304 என்று வரிசையாக ஓடும். அப்புறம் கூகுள் முகவரிக்குப் பின்னால் ஒரு சாய்கோடு போட்டு டீபாட் என்று ஆங்கிலத்தில் தட்டிப் பாருங்கள். 418 என்ற எண்ணோடு ஒரு டீபாட் படம் வரும். அதைத் தொட்டால் சாய்ந்து கோப்பையில் டீ ஊற்றும்.

இதை அக்கா மகள் அம்மாவிடம் காட்டினாள். அம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டு இரண்டு தடவை தொட்டு ஊற்றிப் பார்த்தார்.

"டீ நல்லாத்தானே ஊத்துது? அப்புறம் இதுகிட்டப் போய் எதுக்குடி காபி கேக்குறீங்க?"